கிளஸ்டரில் 'சும்மா பார்க்கிறேன்' என்று சொல்லும் முன்: கியூபர்நெட்டிஸ் கான்ஃபிக்கைப் பார்ப்பது எப்படி, யார் பார்க்கலாம்?

மும்பை சிவ்ரியிலிருந்து நவி மும்பை போகும் அடல் சேதுவில் நீங்கள் ஒருமுறையாவது பயணித்திருக்கலாம். 2024 ஜனவரி 12-ம் தேதி திறக்கப்பட்ட, சுமார் 21.8 கிலோமீட்டர் நீளப் பாலம் அது. பாலத்தில் போகும்போது கடல் நன்றாகத் தெரிந்துகொண்டே வரும். டிராம்பே பக்கம் மட்டும் சில கிலோமீட்டர் தூரத்துக்கு உயரமான தடுப்பு பார்வையை மறைக்கும். அந்தப் பக்கம் இருப்பது பாபா அணு ஆராய்ச்சி மையம். பாலத்திலிருந்து யாரும் உள்ளே குதித்துவிடப் போவதில்லை. ஆனாலும் தடுப்பு வைத்திருக்கிறார்கள். காரணம், சில இடங்களில் பார்ப்பதே ஒரு பாதுகாப்புப் பிரச்னை.

இதே டிராம்பே மையத்துக்குள் 1998-ல் வேறு வழியாகச் சிலர் எட்டிப் பார்த்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டு சோதனை நடத்தியது. அடுத்த சில வாரங்களில், தங்களை 'மில்வோர்ம்' என்று அழைத்துக்கொண்ட, பல நாடுகளைச் சேர்ந்த டீன்ஏஜ் இளைஞர்கள் மையத்தின் கணினிகளுக்குள் இணையம் வழியாக நுழைந்தார்கள். மின்னஞ்சல்களைப் பிரதி எடுத்தார்கள், இணையப் பக்கத்தையும் மாற்றி வைத்தார்கள். வேலி, காவல், செக்போஸ்ட் எல்லாம் அதே இடத்தில்தான் இருந்தன. பார்வை மட்டும் உள்ளே போய் வந்துவிட்டது.

இன்று நீங்கள் ஐடி வேலையில் இருந்தால், உங்கள் லேப்டாப்பின் கறுப்புத் திரையிலும் அப்படி ஒரு பார்வை இருக்கிறது. கியூபர்நெட்டிஸ் கிளஸ்டரின் கான்ஃபிக் விவரங்களை ஒரே வரியில் பார்த்துவிடலாம். அந்தக் கட்டளை எதையும் மாற்றாது, எதையும் அழிக்காது. அதனாலேயே "சும்மா பார்க்கத்தானே செய்கிறோம், ஒண்ணும் ஆகாது" என்று நினைக்கிறோம்.

அது எந்த அளவுக்கு உண்மை? எப்படிப் பார்ப்பது, பார்ப்பதை எப்படிப் புரிந்துகொள்வது, எங்கே கவனம் தேவை என்பதை இங்கே விரிவாகப் பார்க்கலாம்.

(ஒரு குறிப்பு: கட்டளைகளை இங்கே ஒலிப்படி தமிழில் கொடுத்திருக்கிறோம். டெர்மினலில் அதே சொற்களை ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும். பெரும்பாலும் கெட், டிஸ்க்ரைப், வியூ போன்ற எளிய சொற்கள்தான்.)

கிளஸ்டர் என்றால் என்ன?

பல சாதாரண கணினிகளைச் சேர்த்து ஒரே பெரிய கணினி போல வேலை வாங்குவதுதான் கிளஸ்டர். டிராம்பேக்கு இது புதிது இல்லை. பாபா அணு ஆராய்ச்சி மையம் 1991-லேயே 'அனுபம்' என்ற பெயரில் இணைக் கணினிகளைத் தானே உருவாக்கத் தொடங்கிவிட்டது. வெளிநாட்டிலிருந்து சூப்பர் கம்ப்யூட்டர் வாங்குவது இந்தியாவுக்குச் சிக்கலாக இருந்த காலம் அது. பல பிராசஸர்களை இணைத்து ஒரே கணக்கைப் பங்கு போட்டுச் செய்ய வைப்பது என்பது அன்றைய விடை.

கியூபர்நெட்டிஸ் அதே யோசனையை வேறு திசையில் கொண்டு போனது. கூகுள் 2014-ல் இதை அறிவித்தது. முதல் முழுப் பதிப்பு 2015 ஜூலையில் வந்தது. கிரேக்க மொழியில் இந்தப் பெயருக்குக் கப்பலின் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். கப்பலில் ஏற்றப்படுபவை கன்டெய்னர்கள், அதாவது ஓர் ஆப்பையும் அது ஓடத் தேவையான எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய பெட்டிகள்.

பெயர் பொருத்தம்தான் என்பதை டிராம்பேக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீருக்கு அந்தப் பக்கம் நவா ஷேவாவில் 1989-லிருந்து இயங்கும் ஜவஹர்லால் நேரு துறைமுகம் இருக்கிறது. அங்கே அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளை வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். எது யாருடையது, எங்கே போக வேண்டும், எப்படிக் கையாள வேண்டும் என்பதெல்லாம் கூட வரும் காகிதத்தில் இருக்கும். கியூபர்நெட்டிஸிலும் அப்படித்தான். பெட்டி ஒன்று, அதற்கான குறிப்பு தனி.

கான்ஃபிக்மேப், சீக்ரெட்: என்ன வித்தியாசம்?

மாட்டுங்காவிலிருந்து டிபன் டெலிவரி செய்யும் ஓர் ஆப் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டேட்டாபேஸ் எந்த முகவரியில் இருக்கிறது, டெலிவரி கட்டணம் எவ்வளவு, லாக் எந்த அளவுக்கு எழுத வேண்டும் போன்றவை அந்த ஆப்புக்குத் தெரிய வேண்டும். இவற்றைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிவிட்டால், கட்டணம் 5 ரூபாய் மாறினாலும் பெட்டியைப் பிரித்து மறுபடி கட்ட வேண்டும். அதற்காகத்தான் இவற்றை வெளியே, 'கான்ஃபிக்மேப்' என்ற இடத்தில் வைக்கிறோம். பெயரும் மதிப்பும் கொண்ட ஜோடிகளின் பட்டியல் அது, அவ்வளவுதான். ஒரு கான்ஃபிக்மேப்பின் மொத்த அளவு ஏறக்குறைய 1 எம்பியைத் தாண்டக் கூடாது.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, பேமென்ட் கேட்வே சாவி, டோக்கன் போன்றவற்றுக்கு 'சீக்ரெட்' என்ற தனி வகை உண்டு. அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆனால் யார் பார்க்கலாம் என்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதல் கேள்வி: நீங்கள் இப்போது எந்த கிளஸ்டரில் இருக்கிறீர்கள்?

கிளஸ்டரோடு பேச நாம் பயன்படுத்தும் கருவி கியூப்சிடிஎல். சிலர் கியூப் கன்ட்ரோல் என்பார்கள், சிலர் கியூப் கட்டில் என்பார்கள். எப்படிச் சொன்னாலும் கருவி ஒன்றுதான். உங்கள் கட்டளையை அது கிளஸ்டரின் ஏபிஐ சர்வருக்கு அனுப்பும். நீங்கள் யார், கேட்டதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி உண்டா என்று சர்வர் சரிபார்த்துவிட்டுப் பதில் தரும்.

எந்த சர்வரிடம், யார் பெயரில் பேசுவது என்ற விவரம் உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கிறது. ஹோம் டைரக்டரியில், புள்ளியில் தொடங்கும் 'கியூப்' என்ற மறைந்த ஃபோல்டருக்குள் 'கான்ஃபிக்' என்ற ஃபைல். இதைக் கியூப்கான்ஃபிக் என்பார்கள். கிளஸ்டர், யூசர், நேம்ஸ்பேஸ் ஆகிய மூன்றையும் சேர்த்து வைத்த தொகுப்புக்கு 'கான்டெக்ஸ்ட்' என்று பெயர்.

ஆகவே எதைப் பார்ப்பதற்கு முன்னாலும் இது:

கியூப்சிடிஎல் கான்ஃபிக் கரன்ட்-கான்டெக்ஸ்ட்

நீங்கள் டெஸ்ட் கிளஸ்டரில் இருக்கிறீர்களா, வாடிக்கையாளர்கள் உண்மையிலேயே பயன்படுத்தும் புரொடக்‌ஷனில் இருக்கிறீர்களா என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும். என்னென்ன கான்டெக்ஸ்ட்கள் இருக்கின்றன என்று பார்க்க:

கியூப்சிடிஎல் கான்ஃபிக் கெட்-கான்டெக்ஸ்ட்ஸ்

இப்போது எதில் இருக்கிறீர்களோ, அதன் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கும். மாற்றுவதற்கு 'யூஸ்-கான்டெக்ஸ்ட்' என்று கொடுத்து, பெயரைச் சேர்க்க வேண்டும்.

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். ஒரு டெர்மினல் விண்டோவில் கான்டெக்ஸ்டை மாற்றினால், அந்த மாற்றம் ஃபைலிலேயே எழுதப்படும். அதே ஃபைலைப் படிக்கும் மற்ற எல்லா விண்டோக்களும் மாறிவிடும். இடது பக்க விண்டோவில் டெஸ்ட், வலது பக்கத்தில் புரொடக்‌ஷன் என்று மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்தால் ஏமாந்து போவீர்கள். ஒவ்வொரு கட்டளையிலும் '--கான்டெக்ஸ்ட்' என்று வெளிப்படையாகப் பெயர் கொடுப்பது பாதுகாப்பான பழக்கம். 'கியூப்கான்ஃபிக்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் விண்டோவுக்கு ஒரு ஃபைல் என்று தனித்தனியாகக் கொடுப்பதும் நல்லது.

கியூப்கான்ஃபிக் முழுவதையும் பார்க்க:

கியூப்சிடிஎல் கான்ஃபிக் வியூ

இதில் சான்றிதழ் விவரங்களும் டோக்கனும் மறைக்கப்பட்டே காட்டப்படும். '--மினிஃபை' சேர்த்தால் இப்போதைய கான்டெக்ஸ்டுக்கு உரியது மட்டும் வரும். ஆனால் '--ரா' சேர்த்தீர்கள் என்றால் மறைத்தது எல்லாம் அப்படியே திரைக்கு வந்துவிடும். ஸ்க்ரீன் ஷேர் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தச் சொல்லின் பக்கமே போகாதீர்கள்.

இன்னொன்று. யாரோ அனுப்பிய கியூப்கான்ஃபிக் ஃபைலை அப்படியே பயன்படுத்தாதீர்கள். லாகின் செய்வதற்காக வேறொரு புரோகிராமை ஓட்டச் சொல்லும் வரிகள் அதில் இருக்கலாம். ஃபைலைப் பயன்படுத்தினால் அந்த புரோகிராம் உங்கள் கணினியில் ஓடும்.

பட்டியல் எடுப்பது எப்படி?

சரி, எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துவிட்டது. இப்போது கான்ஃபிக்மேப் பட்டியல்:

கியூப்சிடிஎல் கெட் கான்ஃபிக்மேப்ஸ் -என் டிபன்

'-என்' என்பது எந்த நேம்ஸ்பேஸ் என்பதைச் சொல்கிறது. ஒரே கிளஸ்டருக்குள் டீம்களையும் ஆப்களையும் பிரித்து வைக்கும் அறைகள்தான் நேம்ஸ்பேஸ். இங்கே அறையின் பெயர் 'டிபன்'. 'கான்ஃபிக்மேப்ஸ்' என்று முழுதாக டைப் செய்யச் சோம்பலாக இருந்தால் 'சிஎம்' போதும். பதில் இப்படி வரும்:

நேம் | டேட்டா | ஏஜ்
கியூப்-ரூட்-சிஏ.சிஆர்டி | 1 | 212டி
டிபன்-கான்ஃபிக் | 3 | 212டி

'டேட்டா' என்ற பத்தியில் உள்ள 3 என்பது உள்ளே எத்தனை ஜோடிகள் இருக்கின்றன என்பதைக் குறிக்கும். 'ஏஜ்' என்பது உருவாக்கி எத்தனை நாள் ஆயிற்று என்பது. கடைசியாக மாற்றி எத்தனை நாள் என்று பலர் தவறாக நினைப்பதுண்டு. 212 நாள் என்று காட்டும் கான்ஃபிக்மேப்பை யாராவது பத்து நிமிடம் முன்புகூட மாற்றியிருக்கலாம்.

முதல் வரியில் உள்ளதை யார் போட்டது என்று குழம்ப வேண்டாம். கிளஸ்டரின் சான்றிதழ் அது. ஒவ்வொரு நேம்ஸ்பேஸிலும் கியூபர்நெட்டிஸே தானாக வைப்பது.

நேம்ஸ்பேஸ் கொடுக்காவிட்டால், கான்டெக்ஸ்டில் குறிப்பிட்டது எடுத்துக்கொள்ளப்படும். அதுவும் இல்லையென்றால் 'டிஃபால்ட்' என்ற அறை. "என் கான்ஃபிக்மேப் காணாமல் போச்சு" என்று யாராவது பதறினால், பெரும்பாலும் அவர் வேறு அறையில் தேடிக்கொண்டிருப்பார். எல்லா அறைகளிலும் தேட '-ஏ' கொடுக்கலாம் (ஆங்கிலத்தில் பெரிய எழுத்து).

'கெட் ஆல்' எல்லாவற்றையும் காட்டுமா?

காட்டாது. 'கியூப்சிடிஎல் கெட் ஆல்' என்று கொடுத்தால் பாட், சர்வீஸ், டெப்ளாய்மென்ட் போன்றவை வரும். கான்ஃபிக்மேப்பும் சீக்ரெட்டும் அந்தப் பட்டியலில் வராது. பெயரைப் பார்த்து ஏமாந்து, "இந்த நேம்ஸ்பேஸில் வேறு எதுவும் இல்லை, அழித்துவிடலாம்" என்று முடிவு எடுத்துவிடாதீர்கள்.

கிளஸ்டரில் என்னென்ன வகைகள் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ள:

கியூப்சிடிஎல் ஏபிஐ-ரிசோர்சஸ்

ஒரு வகையில் என்னென்ன புலங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் என்று படிக்க 'கியூப்சிடிஎல் எக்ஸ்பிளெய்ன் கான்ஃபிக்மேப்' என்று கொடுங்கள். இணையத்தில் தேடாமலே விளக்கம் கையில் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் திறந்து பார்க்க

இரண்டு வழிகள் உண்டு. மனிதர் படிக்க வசதியானது:

கியூப்சிடிஎல் டிஸ்க்ரைப் கான்ஃபிக்மேப் டிபன்-கான்ஃபிக் -என் டிபன்

கிளஸ்டரில் பதிவாகியிருக்கும் வடிவத்திலேயே பார்க்க:

கியூப்சிடிஎல் கெட் கான்ஃபிக்மேப் டிபன்-கான்ஃபிக் -என் டிபன் -ஓ யாம்ல்

'யாம்ல்' இடத்தில் 'ஜேசன்' கொடுத்தால் அந்த வடிவத்தில் வரும். ஒரே ஒரு மதிப்பு போதும் என்றால் 'ஜேசன்பாத்' என்ற வசதி இருக்கிறது. நூறு வரி திரையில் ஓடுவதற்குப் பதில் கேட்ட ஒன்று மட்டும் வரும். தேவையானதை மட்டும் பார்ப்பது வேகத்துக்கும் நல்லது, பாதுகாப்புக்கும் நல்லது.

யார் மாற்றினார்கள் என்று தெரிய வேண்டுமா? யாம்ல் கட்டளையோடு '--ஷோ-மேனேஜ்டு-ஃபீல்ட்ஸ்' சேருங்கள். எந்தக் கருவி வழியாக, எந்த நேரத்தில், எந்தப் புலம் மாற்றப்பட்டது என்று வரும். ஆளின் பெயர் அதில் இருக்காது. அதற்கு ஆடிட் லாக் வேண்டும். அது உங்கள் கிளஸ்டரில் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பிரச்னை வருவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

உங்களிடம் இருக்கும் ஃபைலுக்கும் கிளஸ்டரில் இருப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்க 'கியூப்சிடிஎல் டிஃப் -எஃப்' என்று கொடுத்து ஃபைல் பெயரைச் சேர்க்கலாம். எதையும் மாற்றாமல், மாற்றினால் என்ன ஆகும் என்பதை மட்டும் காட்டும்.

திரையில் ஒன்று, ஓடுவது வேறொன்று!

ராத்திரி பத்து மணிக்கு அழைப்பு வருகிறது. டெலிவரி கட்டணம் 30 ரூபாயிலிருந்து 25 ஆகக் குறைத்தாயிற்று, ஆனால் ஆப் இன்னும் 30 தான் வாங்குகிறது. நீங்கள் கெட் செய்து பார்க்கிறீர்கள். கான்ஃபிக்மேப்பில் 25 என்று அழகாக இருக்கிறது. "என் பக்கம் எல்லாம் சரி" என்று பதில் அனுப்பிவிட்டுப் படுத்துவிடலாமா?

கூடாது. கான்ஃபிக்மேப்பை ஆப்புக்குக் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, என்விரான்மென்ட் வேரியபிளாகக் கொடுப்பது. இதில் கன்டெய்னர் தொடங்கும் நேரத்தில் இருந்த மதிப்புதான் கடைசி வரை இருக்கும். பிறகு நீங்கள் மாற்றினாலும் ஓடிக்கொண்டிருக்கும் கன்டெய்னருக்குத் தெரியாது. இரண்டாவது, ஃபைலாக வால்யூமில் மவுன்ட் செய்வது. இதில் சிறிது நேரத்தில் புதிய மதிப்பு தானாக வந்துவிடும். ஆனால் 'சப்பாத்' முறையில் மவுன்ட் செய்திருந்தால் இதிலும் வராது. ஃபைல் மாறியிருந்தாலும், அதை மறுபடி படிக்க ஆப்புக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆகவே கிளஸ்டரில் இருப்பதைப் பார்ப்பது பாதி வேலைதான். ஓடும் கன்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 'எக்ஸெக்' கட்டளை வழியாக கன்டெய்னருக்குள் 'பிரின்ட்என்வி' ஓட்டி, அந்த ஒரு வேரியபிளின் பெயரைக் கொடுத்துப் பாருங்கள். பெயர் கொடுக்காமல் ஓட்டினால் பாஸ்வேர்டு உட்பட எல்லா வேரியபிள்களும் திரையில் கொட்டிவிடும். பழைய மதிப்புதான் இருக்கிறது என்று தெரிந்தால் 'ரோல்அவுட் ரீஸ்டார்ட்' செய்தால் புதியது வரும்.

சீக்ரெட் உண்மையிலேயே ரகசியமா?

இனி முக்கியமான பகுதி. சீக்ரெட்டை டிஸ்க்ரைப் செய்தால் மதிப்பு வராது, எத்தனை பைட் என்ற அளவு மட்டும் வரும். அதைப் பார்த்துப் பலரும் நிம்மதி அடைகிறார்கள். ஆனால் 'கெட் சீக்ரெட்' என்று கொடுத்து '-ஓ யாம்ல்' சேர்த்தால் மதிப்பு வந்துவிடும். புரியாத எழுத்துக் கோவை போல இருக்கும், அவ்வளவுதான்.

அந்த வடிவத்துக்குப் பெயர் பேஸ்64. இது பூட்டு இல்லை. 'வணக்கம்' என்பதை வாட்ஸ்அப்பில் ஆங்கில எழுத்தில் டைப் செய்கிறோம். தமிழ் தெரியாதவருக்கு அது புரியாது. தமிழ் தெரிந்த யாரும் ஒரு நொடியில் படித்துவிடுவார்கள். பேஸ்64-ம் அப்படித்தான். திருப்பி எடுக்கச் சாவி எதுவும் தேவையில்லை, எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும் ஒரு சின்னக் கட்டளை போதும். எந்த வகை டேட்டாவையும் எழுத்துகளாகச் சேமிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வடிவமே, மறைப்பதற்காக இல்லை.

இன்னும் இரண்டு விஷயங்கள். கிளஸ்டரின் எல்லா விவரங்களும் 'ஈடிசிடி' என்ற டேட்டாபேஸில் சேமிக்கப்படுகின்றன. கியூபர்நெட்டிஸின் இயல்பான அமைப்பில் சீக்ரெட்கள் அங்கே என்கிரிப்ட் செய்யப்படாமலே இருக்கும். என்கிரிப்ஷனை உங்கள் நிர்வாகிதான் தனியாக இயக்க வேண்டும். அடுத்தது, சீக்ரெட்டை 'அப்ளை' கட்டளை மூலம் போட்டிருந்தால், கடைசியாகப் போட்ட வடிவத்தின் ஒரு பிரதி அதன் குறிப்புப் பகுதியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே உள்ள மதிப்பை மட்டும் அழித்துவிட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினால், கீழே அதே பாஸ்வேர்டு இன்னொரு முறை இருக்கும்.

இதெல்லாம் வெறும் பயமுறுத்தலா? 2018 பிப்ரவரியில் ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட தகவலைப் பாருங்கள். டெஸ்லாவின் கியூபர்நெட்டிஸ் கன்சோல் ஒன்று பாஸ்வேர்டு இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்தது. உள்ளே போனவர்களுக்கு ஒரு பாடுக்குள் டெஸ்லாவின் அமேசான் கிளவுட் கணக்குக்கான சாவிகள் பார்வைக்குக் கிடைத்தன. கிளஸ்டரின் கணினி சக்தியை அவர்கள் கிரிப்டோ நாணயம் எடுக்கவும் பயன்படுத்திக்கொண்டார்கள். தொடக்கம் ஒரு திறந்த திரை, அதில் தெரிந்த சில வரிகள்.

யார் எதைப் பார்க்கலாம்?

அடல் சேதுவின் தடுப்பு போல, கியூபர்நெட்டிஸிலும் பார்வைக்கு எல்லை வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. ஆர்பேக் என்று சொல்லப்படும் அனுமதி முறை அது. உங்களுக்கு என்ன அனுமதி என்று நீங்களே கேட்கலாம்:

கியூப்சிடிஎல் ஆத் கேன்-ஐ கெட் சீக்ரெட்ஸ் -என் டிபன்

'யெஸ்' அல்லது 'நோ' என்று பதில் வரும். '--லிஸ்ட்' சேர்த்தால் உங்களுக்குள்ள அனுமதிகளின் பட்டியலே வரும். புதிய வேலையில் சேர்ந்த முதல் வாரமே இதைக் கேட்டுப் பாருங்கள். தேவைக்கு மேல் அனுமதி இருந்தால் குறைக்கச் சொல்லுங்கள். உங்கள் லேப்டாப் தொலைந்தாலோ கணக்கு களவு போனாலோ, உங்களால் பார்க்க முடிந்தது எல்லாம் எடுத்தவராலும் பார்க்க முடியும்.

கியூபர்நெட்டிஸில் 'வியூ' என்ற பெயரில் தயாராக ஓர் அனுமதித் தொகுப்பு உண்டு. கான்ஃபிக்மேப்பைப் பார்க்கலாம், பாடைப் பார்க்கலாம், லாக் படிக்கலாம். ஆனால் சீக்ரெட்டைப் பார்க்க முடியாது. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார்கள். சீக்ரெட்டுக்குள் சர்வீஸ் அக்கவுன்ட் டோக்கன்கள் இருக்கலாம். அதைப் பார்ப்பவர் அந்தக் கணக்காகவே மாறி வேலை செய்ய முடியும். பார்ப்பதற்கும் செய்வதற்கும் நடுவே உள்ள கோடு அங்கே அழிந்துவிடுகிறது.

இப்போது யோசியுங்கள். அவசரத்தில் யாரோ ஒருவர் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை சீக்ரெட்டில் போடாமல் கான்ஃபிக்மேப்பில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? ஆப் நன்றாகவே ஓடும். எந்த எச்சரிக்கையும் வராது. ஆனால் 'வியூ' அனுமதி உள்ள அத்தனை பேரும், பயிற்சிக்கு வந்தவர் உட்பட, அதைப் படிக்கலாம். தடுப்பு அப்படியேதான் இருக்கிறது, மறைக்க வேண்டிய பொருளை அதற்கு முன்னால் கொண்டுவந்து வைத்துவிட்டோம். உங்கள் டீமின் கான்ஃபிக்மேப்களை ஒருமுறை திறந்து, இப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒரே ஒரு வேலையைச் செய்வதாக இருந்தால், அது இதுவாக இருக்கட்டும்.

இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. சீக்ரெட்டுக்கு 'லிஸ்ட்' அனுமதி மட்டும்தானே கொடுத்தோம், பெயர்தானே தெரியும் என்று நினைக்க வேண்டாம். லிஸ்ட் பதிலிலேயே மதிப்புகளும் வரும். அதேபோல, ஒரு நேம்ஸ்பேஸில் பாட் உருவாக்க அனுமதி உள்ளவர், சீக்ரெட்டை நேரடியாகப் பார்க்க அனுமதி இல்லாவிட்டாலும், அந்த நேம்ஸ்பேஸின் சீக்ரெட்டை மவுன்ட் செய்த ஒரு பாடை ஓட்டி உள்ளே இருப்பதைப் படித்துவிட முடியும்.

பார்த்த பிறகு?

கட்டளை முடிந்தாலும் பார்த்த விஷயம் மறைவதில்லை. டெர்மினலின் ஸ்க்ரோலில் இருக்கும். மீட்டிங் ரெக்கார்டிங்கில் இருக்கும். "இதைக் கொஞ்சம் பாருங்க ப்ரோ" என்று குரூப்பில் போட்ட ஸ்க்ரீன்ஷாட்டில் இருக்கும். சீக்ரெட் உருவாக்கும்போது '--ஃப்ரம்-லிட்டரல்' என்று கொடுத்து மதிப்பைக் கட்டளையிலேயே டைப் செய்தால் ஷெல் ஹிஸ்டரியிலும் பாஸ்வேர்டு அப்படியே இருக்கும்.

தவறுதலாக வெளியே போய்விட்டதா? மெசேஜை டெலீட் செய்தால் போதாது. பாஸ்வேர்டையே மாற்ற வேண்டும். உடனே டீம் லீடிடமோ பாதுகாப்புப் பிரிவிடமோ சொல்ல வேண்டும். திட்டு விழுமே என்று தயங்கினால் நேரம்தான் போகும். அந்த நேரத்துக்குச் சட்டத்தில் விலை உண்டு. 2022 ஏப்ரல் 28-ம் தேதி செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, குறிப்பிட்ட வகை சைபர் சம்பவங்கள் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் நிறுவனம் தகவல் தர வேண்டும். லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். தனிநபர் டேட்டாவைப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடு செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க, 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

அந்த டேட்டா யாருடையது? டிபன் ஆர்டர் கொடுத்தவரின் செல்போன் நம்பர், வீட்டு முகவரி, அவர் எத்தனை மணிக்கு வீட்டில் இருப்பார் என்ற விவரம். செம்பூரில் இருக்கும் உங்கள் அத்தையுடையதாகவும் இருக்கலாம்.

சுருக்கமாக, என்டர் தட்டும் முன்:

* கரன்ட்-கான்டெக்ஸ்ட் பாருங்கள். டெஸ்டா, புரொடக்‌ஷனா?
* நேம்ஸ்பேஸைக் கையால் டைப் செய்யுங்கள், ஊகத்துக்கு விடாதீர்கள்.
* முழு யாம்ல் தேவையா, ஒரு மதிப்பு போதுமா என்று யோசியுங்கள்.
* திரையை யாரோடாவது ஷேர் செய்கிறீர்களா என்று பாருங்கள்.
* கான்ஃபிக்மேப்பில் பாஸ்வேர்டு தென்பட்டால் கடந்து போகாதீர்கள். சீக்ரெட்டுக்கு மாற்றச் சொல்லுங்கள், பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லுங்கள்.
* மதிப்பு சரியாகத் தெரிகிறது என்பதால் ஆப் அதைத்தான் பயன்படுத்துகிறது என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்த முறை டெர்மினலில் 'கெட்' என்று டைப் செய்யும்போது, முதலில் 'கேன்-ஐ' என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். 'யெஸ்' என்று பதில் வந்தால், அது உங்களுக்குத் தேவையா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் கட்டளை எதுவும் கியூப்சிடிஎல்லில் இல்லை.